சிங்கப்பூரார் கழுத்து

கழுத்துக்கு இப்போது தனி அறை வந்துவிட்டதாம். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுப் பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்கள். ஏசி, மெத்தை நாற்காலி, வாசலில் தனிப் பலகை. "அக்கா, முன்னாடி புள்ளத்தாச்சிங்க வரிசையிலயே ஆம்பளைங்களும் உக்காந்திருப்பாங்களாமே, நெசமாவா?" என்று ஒருத்தி கேட்டாள். நெசம்தான் என்றேன். "அப்ப அந்தச் சிங்கப்பூரார் கதையும் நெசமா?" என்றாள் இன்னொருத்தி. எனக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல வராது, எழுதித் தருகிறேன் என்று அங்கிருந்தே சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

சிங்கப்பூராரிடமும் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்கம்மா. நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். நீங்க எழுதினாலாவது நம்புறானான்னு பாப்போம்" என்றார். மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டு, அவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயர் வேம்பு. அதை மாற்றவில்லை. மாற்றினால் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்கே குழம்பிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதில்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு ஆடுதுறையிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். கூட்டினேன், துடைத்தேன், பிரசவ வார்டில் கொஞ்ச காலம் பிள்ளை குளிப்பாட்டினேன், பிறகு ஸ்கேன் அறை. அங்கேயே நிலைத்துவிட்டேன்.

ஸ்கேன் அறை ஆயாவுக்கு முதல் வேலை, வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது. எனக்கு அது வரவே வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டு, நான் 'உள்ளேன் ஐயா' என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பாதி நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டே நான் ஆப்சென்ட். அதனால் ஸ்கேன் அறையில் எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்க் குனிந்து, "நீங்கதானே இன்னார்? வாங்க" என்று காதோரம் சொல்வேன். ஆள் தெரியாத நாளில் நாலைந்து காதில் கேட்ட பிறகுதான் சரியான காது கிடைக்கும். நர்ஸம்மா, "என்ன வேம்பு, எல்லாருக்கும் மந்திரம் ஓதுறியா?" என்று திட்டுவார். ஆனால் கழுத்துக்காரர்களுக்கு அந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. சத்தமாகப் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

கழுத்துக்காரர்கள் யார் என்று சொல்ல வேண்டும். லிம்போமா என்று ஒரு நோய். கழுத்திலும் அக்குளிலும் நெஞ்சுக்குள்ளும் நெறி கட்டுகிற சுரப்பிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் வருகிற புற்றுநோய். மருந்து ஏற்றி, கரண்ட் வைத்து (கதிர் வைப்பதை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம்) நிறையப் பேர் முழுசாகக் குணமாகிப் போகிறார்கள். பிள்ளை குட்டி பெற்று, வீடு கட்டி, நோயையே மறந்துவிடுகிறார்கள். கரண்ட் பட்ட இடத்தில் ஓடுகிற ரத்தக்குழாய் மட்டும் மறப்பதில்லை. பல வருஷம் கழித்து அதன் சுவர் தடித்து உள்வழி குறுகலாம். மற்றவர்களுக்கு வயதான பிறகு வருவது இவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடலாம். கழுத்தில் குறுகினால் மூளைக்கு ஆபத்து, நெஞ்சில் குறுகினால் இதயத்துக்கு ஆபத்து. எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதனால் நன்றாக இருக்கிறவர்களை விடாமல் கூப்பிட்டு, பிரஷர், சுகர், கொழுப்பு பார்த்து, புகையிலையை விடச் சொல்லி, கழுத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும். இது செசிலி டாக்டருடைய வேலை.

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வருவான். குணமானவனைக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவான். "கொணமாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?" என்று கேட்பார்கள். செசிலி டாக்டர், "ரெண்டும் நெசம். சட்டையைக் கழட்டுங்க" என்பார்.

அவர் வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உயரமாக, ஒல்லியாக, எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் இருப்பார். யார் முகமும் அவருக்கு ஞாபகம் இருக்காது. கழுத்தைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். கடைத்தெருவில் எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் விழிப்பார். அவர் திரும்பி நாலடி போன பிறகு, பிடரியைப் பார்த்துவிட்டு, "அடடே, பாபநாசம்! கொழுப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று பின்னாலிருந்து கத்துவார். காலையில் வந்ததும் என்னிடம் கேட்பது, "எத்தனை கழுத்து வந்திருக்கு?"

மற்ற டாக்டர்கள் பயப்படாதீங்க என்பார்கள். இவர், "பயப்படுங்க. பயந்துகிட்டே மாத்திரையைப் போடுங்க" என்பார். ஒரு விஷயத்துக்கு மட்டும் கோபம் வரும். நம் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும், குழாய் குறுகியிருக்கிறது என்று சொன்னதும், "புரியுது டாக்டர். வாய்க்கால்ல தூர் சேந்துபோச்சு. மேட்டூர் தொறக்கறதுக்கு முன்னாடி வாரிடணும்" என்பார்கள். எல்லாரும், ஒருவர் விடாமல், தாங்களே கண்டுபிடித்த மாதிரி. டாக்டர் பேனாவை மேஜையில் போடுவார். "வாய்க்கால் இல்ல. தூர் இல்ல. கரையே உள்பக்கமா வளருது. எந்த ஊர் வாய்க்கால்லயாவது கரை வளந்து பாத்திருக்கீங்களா?" அவர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க பக்கத்து வயல்காரன் வளத்திருக்கான் டாக்டர்" என்பார்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்பார். அப்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். குழாய் குறுகியிருந்தால் உஸ், உஸ் என்று ஒரு சத்தம் கேட்குமாம். "மூச்சைப் பிடிங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார். அவர் சொல்வது நோயாளிக்கு. ஆனால் எனக்கும் மூச்சு தானாக நின்றுவிடும். டாக்டர் கண்ணைத் திறந்த பிறகுதான் விடுவேன். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் கழுத்துக்காக இப்படி மூச்சுப் பிடித்திருக்கிறேன்.

மற்றபடி என் வேலை, தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தை எடுப்பாக்குவது, சங்கிலி, ருத்திராட்சம் எதுவானாலும் கழற்றி அவரவர் கைக்குட்டையிலேயே முடிந்து வைப்பது, ஜெல்லி பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடு பண்ணுவது, முடிந்ததும் கழுத்தைத் துடைத்து அனுப்புவது. துடைக்க நான் பழைய வேட்டியைத்தான் கிழித்து வைத்திருப்பேன். காகிதம் அந்தப் பிசுக்கை எடுக்காது.

எல்லாக் குழப்பமும் அந்தத் துடைப்பில்தான் வந்தது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் நெல் அரவை மில் வைத்திருப்பவர் கல்யாணசுந்தரம். ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரார் என்றால்தான் தெரியும். இளவயதில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, இடது கழுத்தில் கட்டி வந்து லிம்போமா என்றார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகாது என்று அவரும் மனைவி ராஜமும் முடிவு செய்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, மாலை போட்டு வழியனுப்ப வைத்து, சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பக்கத்துப் படுக்கையில் கூத்தாநல்லூர் காதர் பாய். அவர் நிஜமாகவே சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். இவருக்கு மருந்து ஏறுகிற நேரமெல்லாம் தெருத் தெருவாகச் சிங்கப்பூரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கே மீன் வாங்குவது, எந்தக் கடையில் யார் முதலாளி, மழை எப்படிப் பெய்யும் என்று எல்லாம் பாடம். குணமாகித் திரும்பும்போது இவர் நாகூர்க் கடைத்தெருவில் இறங்கி, தைலமும் சென்ட்டும் டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு வந்து ஊருக்கெல்லாம் கொடுத்தார். முடி கொட்டினது ஏன் என்று கேட்டதற்கு, அந்த ஊர் தண்ணி என்றார். அதோடு சிங்கப்பூரார் ஆகிவிட்டார். வெளிநாடு போகிற பையன்கள் அவரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். போய் வந்து, "மாமா சொன்ன மாதிரியே இருக்கு" என்று வேறு சொல்வார்கள்.

அப்புறம் ஒருநாள் டம்ளர் விழுந்தது. காபி குடித்துக்கொண்டிருந்தவருக்கு இடது கண்ணில் மட்டும் திரை இறங்கின மாதிரி இருட்டி, வலது கை தளர்ந்து டம்ளர் கீழே போயிற்று. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ராஜம் விடவில்லை. பல வருஷமாகச் செக்கப்புக்கே போகாமல் டிமிக்கி கொடுத்தவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அப்போது மகள் மீனாவுக்குக் கும்பகோணத்தில் பெரிய இடம் கூடிவந்திருந்தது. தை மாதம் கல்யாணம். ராஜம் கூட வந்தால் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று இவர் தனியாக வந்தார்.

டாக்டர் கழுத்தில் வைத்தார். கண்ணை மூடினார். நான் மூச்சைப் பிடித்தேன். கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. "உடனே ஸ்கேன்" என்றார்.

அப்போதெல்லாம் கழுத்துக்கும் கர்ப்பத்துக்கும் ஒரே மிஷின், ஒரே பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்ற பலகை. அதற்கு நேர் கீழே, வயிறும் பிள்ளையுமாக இருந்த பெண்களுக்கு நடுவில் சிங்கப்பூரார் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காதோரம் பெயரைச் சொல்லி உள்ளே கூட்டிப் போனேன். ஸ்கேன் முடிந்தது. அவர் அவசரத்தில் சங்கிலியை விட்டுவிட்டு, கழுத்தில் ஜெல்லி வழியவே வெளியே போய்விட்டார். நான் கைக்குட்டை முடிச்சோடு பின்னாலேயே ஓடி, "ஐயா, நில்லுங்க" என்று மெதுவாகச் சொல்லி, சங்கிலியைக் கையில் கொடுத்து, வேட்டித் துணியால் அவர் கழுத்தை நிதானமாகத் துடைத்துவிட்டேன். காதுக்குப் பின்னால்கூட.

பெஞ்சின் கோடியில், மீனாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தார். மருமகளை ஏழாம் மாத ஸ்கேனுக்குக் கூட்டி வந்திருக்கிறார். சித்திரை வெயிலானாலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிற அம்மா. "என்ன சம்பந்தி, யாருக்கு ஸ்கேன்?" என்று கேட்டார். சிங்கப்பூரார் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவங்க... நமக்கு வேண்டியவங்க" என்றார்.

எனக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டு நாளில் குத்தாலம் முழுக்கப் பரவிவிட்டது. சிங்கப்பூராருக்குத் தஞ்சாவூரில் ஒரு சின்ன வீடு இருக்கிறது, அவள் முழுகாமல் வேறு இருக்கிறாள். என் வயதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சிங்கப்பூர் மருந்தாக இருக்கும் என்று சொன்னார்களாம். ஆடுதுறை உறவுக்காரர்கள் வழியாக என் மகன் காதுக்கும் போயிற்று. அவன் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள்தான் மறுநாளிலிருந்து எனக்கு முதல் காபி கொடுக்க ஆரம்பித்தாள்.

ஸ்கேனில் இடது குழாய் மிகவும் குறுகியிருந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு உள்ளே ஒரு வலைக்குழாய் வைத்து விரிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பக்கவாதம் வரும் என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூரார் தை கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், போனை எடுக்கவில்லை. டாக்டர் ஒவ்வொரு நாளும், "அந்தக் கழுத்து வந்துச்சா?" என்று கேட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"வேம்பு, நீ உங்க ஊர் பஸ்ல ஏறிப் போய் அந்தக் கழுத்தைக் கூட்டிட்டு வா."

"நானா டாக்டர்? நான் எப்படிப் பேசுவேன்?"

"பேச வேணாம். காதுல சொல்லு. அவருக்குக் கை தளந்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம் நிக்காதே. தூக்கிட்டு வா. ஆனா என்ன வியாதின்னு யார்கிட்டயும் நீ சொல்லக்கூடாது. அது அவரோட சொத்து."

போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மில்லைத் தாண்டி வீட்டு வாசலில் நின்றால், உள்ளே கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாத்தா, பக்கத்தில் அத்தை, எதிரே தலையைக் குனிந்தபடி சிங்கப்பூரார். திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

"இவதான்!" என்று அத்தை எழுந்துவிட்டார். "கழுத்தைத் தொடச்சவ இவதான்!"

கூடமே என் வயிற்றைப் பார்த்தது. நான் பையை எடுத்து வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று.

ராஜம் அடுப்படியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி ஆள் என்று புரிந்துகொண்டார். அவருக்கு எப்படிப் புரிந்தது என்று பிறகு கேட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் விடுகிற மாதிரி செருப்பை ஜோடியாக ஓரமாக விட்டது நீங்க மட்டும்தான் என்றார். "வந்துட்டியாடி, என் வீட்டு வாசல் வரைக்கும்!" என்று என் கையைப் பிடித்து இழுத்து அடுப்படிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

சாத்தினதும் மணை போட்டு, "உக்காருங்கக்கா. மோர் குடிக்கிறீங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார் ரகசியமாக. உடனே கதவுப் பக்கம் திரும்பி, "என் குடும்பத்தைக் கெடுக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு!" என்று ஒரு கத்தல்.

நான் மணை நுனியில் உட்கார்ந்து, "இன்னும் தள்ளிப்போடக் கூடாதுங்களாம்மா. எந்த நேரமும் வாதம் வந்துருமாம்" என்றேன்.

"ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வெளியே கேட்கிற மாதிரி, "அழு! நல்லா அழு! நான் அழாத அழுகையா!" எனக்கு மோரை நீட்டி, "உப்பு போதுமாக்கா?" என்றார்.

"போதும்மா. நெசத்தைச் சொல்லிடலாமே? என் பேரும்ல கெடுது."

"உங்க பேரு கெடறது பாவம்தான்க்கா. உங்க கால்ல விழறேன். ஆனா அந்தத் தாத்தா இப்பத்தான் சொல்றாரு, வசதியான மனுஷன்னா அப்படி இப்படி இருக்கறதுதான், பொண்ணு என்ன பண்ணும், கல்யாணம் நடக்கட்டும்னு. சின்ன வீட்டை மன்னிச்சுட்டாங்க. புத்துநோய்னா மன்னிப்பாங்களா? பொண்ணு ரத்தத்துலயும் இருக்குன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கதவைப் பார்த்து, "எத்தனை வருஷமாடி நடக்குது இது!" என்றார்.

அப்போது கூடத்தில் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தோம்.

சிங்கப்பூராரின் வலது கை மடியில் கிடந்தது. வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. "வெக்கப்படுறாரு பாரு. பேச்சே வரல. நல்ல குணம்" என்று தாத்தா மெச்சினார். கூடத்தில் எல்லாரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

ராஜம் அப்படியே நின்றுவிட்டார். வாயைத் திறந்தால் மகள் கல்யாணம், திறக்காவிட்டால் புருஷன். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கூடத்துக்கு நடுவில் போய் சிங்கப்பூரார் கையைப் பிடித்தேன்.

"எந்திரிங்க. போவோம்!" என்றேன். வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இனிமே உங்களை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்!"

கூடம் வாயைப் பிளந்தது. அவர் எழுந்தார். வலது கால் இழுத்தது. நான் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். "பட்டப்பகல்ல, பெரியவங்க முன்னாடி!" என்றார் அத்தை. ராஜத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "போங்க! அவகூடவே போங்க! நானும் வருவேன், உங்களை விட்டுருவேனா!" என்று அந்தப் பக்கத்து இடுப்பை அவர் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய் மில் காரில் ஏற்றினோம். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் ராஜம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திரும்பினதும் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார்.

ஆடுதுறை தாண்டும்போது சிங்கப்பூராருக்குப் பேச்சு வந்தது. "ராஜம்" என்றார். "என்னங்க, சொல்லுங்க!" என்று ராஜம் குனிந்தார்.

"நீ கத்துனது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் நின்றிருந்தார். ஆளைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. துண்டை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். "வந்துச்சா!" என்றார். அன்றே உள்ளே கொண்டுபோனார்கள். வலைக்குழாய் வைத்து விரித்தார்கள். கை திரும்பியது, கால் திரும்பியது.

மீனாவிடம் ராஜம் ஆஸ்பத்திரியில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டது. அவன், "உங்க அப்பா குணமாகி இவ்வளவு வருஷமாச்சு, இதுக்கா இத்தனை கூத்து? எங்க வீட்டுல நீ சொல்ல வேணாம், சின்ன வீடே இருக்கட்டும், பழகிட்டாங்க" என்றானாம். தையில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அப்புறம் வருஷம் தவறாமல் சிங்கப்பூரார் ஸ்கேனுக்கு வந்தார். பலகைக்குக் கீழே தைரியமாக உட்காருவார். அவருக்குத்தான் கெட்டுப்போக இனிப் பெயர் இல்லையே.

நான் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருஷம் கழித்து, திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகையோடு அவரே வீட்டுக்கு வந்து, நீங்களும் டாக்டரும் வராவிட்டால் உட்காரவே மாட்டேன் என்றார். போனோம். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

தம்பதிக்கு மணை போட்டார்கள். அத்தை ஐயரிடம் ஏதோ சொன்னார். ஐயர் தயங்கிவிட்டு இன்னொரு மணை கொண்டுவந்து போட்டார். அத்தை என்னைத் தேடி வந்து, முந்தானையைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டு, பெரிய மனதோடு சொன்னார்: "எத்தனை நாளைக்குத்தான் ஒதுங்கியே நிப்பே? இவ்வளவு வயசாச்சு. வா, வந்து உக்காரு. நாங்க யாரும் ஒண்ணும் நினைக்கல."

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ராஜம் சிரித்துவிட்டார். சிங்கப்பூராருக்கு முகம் சிவந்துபோயிற்று. மாலையோடு எழுந்து, மைக்கை வாங்கினார்.

"அந்தம்மா ஆஸ்பத்திரி ஆயா. எனக்கு அவங்க சாமி. எனக்கு முப்பது வயசுல கழுத்துல புத்துநோய் வந்துச்சு. கரண்ட் வச்சுக் கொணமாச்சு. அதுனால குழாய் குறுகி அன்னைக்கு வாதம் வர இருந்துச்சு. நான் சிங்கப்பூரைக் கண்ணால பாத்ததே இல்ல!"

 முதலில் மாப்பிள்ளையின் தாத்தா கைதட்டினார். "ரெண்டாந்தாரத்தைக் காப்பாத்த எப்படிப் பேசுறாரு பாருங்க! சிங்கப்பூர் போகாமயா அந்தத் தைலம்? எங்க வீட்டு பீரோல இன்னும் வாசனை போகல!" எல்லாரும் கைதட்டினார்கள். வெளிநாடு போய் வந்த பையன் ஒருவன், "மாமா சொன்ன தெரு அப்படியே இருந்துச்சே, எங்கிட்டயேவா!" என்றான். சிங்கப்பூரார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஒரு ஆளும் நம்பவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது மணை அப்படியே கிடந்தது. மேளம் தொடங்கிவிட்டது.

ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தூணுக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றார் அத்தை.

"அவர் சொன்னது நெசமா?" என்றார். குரல் வேறாக இருந்தது.

"நெசம்மா."

"கரண்ட் வச்சா அப்புறமும் வருமா? ரொம்ப வருஷம் கழிச்சும்?"

"எல்லாருக்கும் வராது. பாத்துக்கணும்னு டாக்டர் சொல்லுவாங்க."

முந்தானையை விலக்கினார். கழுத்தின் அடியில், கரண்ட் வைத்த இடத்தில் தோல் நிறம் மாறி இருந்தது. நான் நிறையப் பார்த்த நிறம். "கல்யாணத்துக்கு முன்னாடி. மெட்ராஸ்ல சித்தி வீட்டுல தையல் கத்துக்கப் போயிருக்கேன்னு ஊர்ல சொன்னாங்க. எனக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நாளா ஒரு கை மரத்து மரத்துப் போவுது. அங்க வந்தா என் பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க" என்று அவர் காதில் சொன்னேன்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் அத்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் தூண் மறைவில் கழுத்தில் வைத்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"ஒண்ணும் கேக்கல. அந்த ஃபேனை நிறுத்து."

"ஃபேன் இல்ல டாக்டர், அது மேளம்."

"அதை நிறுத்து."

மேடையில் கலசத் தண்ணீரை எடுத்து ஊற்றப்போகிறார்கள். நாயனக்காரர் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருக்கிறார். காதோரம் சொன்னால் அவருக்குக் கேட்காது. நான் மண்டபத்தின் நடுவே நடந்துபோய் மேளத்துக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினேன்.

"நிறுத்துங்க!" என்றேன்.

நின்றுவிட்டது. ஐயர் கலசத்தைத் தூக்கினபடி நின்றார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சின்னவள் கடைசியில் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று தாத்தா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.  தூணுக்குப் பின்னால் செசிலி டாக்டர் கண்ணை மூடியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். சிங்கப்பூரார் மட்டும் என் பார்வை போன பக்கம் பார்த்தார். தலையைக் குனிந்து, அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். அத்தையின் முந்தானையைத் தானே எடுத்துக் கழுத்தில் போர்த்திவிட்டு, ஸ்கேன், திங்கட்கிழமை என்று என்னைப் பார்த்து வாயை அசைத்தார்.

நான் மூச்சை விட்டேன். நாயனக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வாசிங்க" என்றேன்.